மாலைதீவா, தாய்லாந்தா, வியட்நாமா? ஆங்கிலம் படிப்பிக்கப் போகும் மருமகளுக்கு

அக்காவின் மகள் போன மாதம் ஒரு கொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். கோணேசபுரி வளாகத்தில் பட்டம் முடித்தவள். இரண்டு வருடமாக திருமலை டவுனில் ஒரு ரியூசன் வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். கொப்பியில் மூன்று நாடுகளின் பெயர் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் சம்பளம், வீசா, டிக்கெட் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள்.

"மாமா, நீங்கள் ரெண்டு நாட்டில இருந்தனீங்கள்தானே. எது நல்லம்?"

எதுக்கு நல்லம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காசும் வேணும். ஆனா வேற ஆக்களோட இருந்து பாக்கவும் ஆசை. ரியூசன் வகுப்பையே வேற நாட்டில நடத்திப்போட்டு வாறதுக்கு ஏன் போகோணும்?" என்றாள்.

காசைப் பற்றி ஏஜென்சிக்காரரே நிறையச் சொல்வார்கள். இரண்டாவது ஆசையைப் பற்றி அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொப்பியில் இல்லாத நாடுகள் ஏன் இல்லை என்று பார்த்துவிடலாம். தென்கொரியா பலருக்குக் கனவு. ஆனால் அங்கே ஆங்கில ஆசிரியருக்கான வீசா வழக்கமாக ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்குத்தான் கிடைக்கிறது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. ஐஎல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சையில் ஒன்பது எடுத்தாலும் நம்முடைய கடவுச்சீட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. சீனாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். வளைகுடாவில் இலங்கைப் பாடசாலைகள் உண்டு, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் வகுப்பில் இருக்கப்போவது வத்தளைப் பிள்ளையும் வெள்ளவத்தைப் பிள்ளையும்தான். காசுக்கு என்றால் போகலாம், அவள் கேட்ட விஷயத்துக்கு அது உதவாது.

இனி மாலைதீவு. கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். திருமலையிலிருந்து இரவு மெயிலில் கொழும்புக்குப் போகிற நேரத்தில் தலைநகர் மாலேக்கு இரண்டு தடவை போய் வந்துவிடலாம். அங்கே பாடசாலைகள் ஆங்கில மொழிமூலம். இஸ்லாம், அந்நாட்டு மொழியான திவெஹி தவிர்ந்த பாடங்களுக்கு இலங்கை, இந்திய ஆசிரியர்கள் நிறைய. நம்மைப் போலவே பிள்ளைகள் "சேர்", "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை கிடைப்பது மற்ற இரண்டு நாடுகளையும்விடச் சுலபம்.

நான் போன தீவைச் சுற்றி நடக்க முக்கால் மணித்தியாலம் போதும். முதல் வருடம் ஆசிரியர் விடுதியில் ஐந்து பேர் இருந்தோம்: கிண்ணியாவிலிருந்து இரண்டு பேர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர், நாகர்கோவில்காரர் ஒருவர், நான். பின்னேரம் ஆறு மணிக்கு அடுப்பில் சோறு, பக்கத்தில் பருப்பு, கிரிக்கெட் கதை, ஊர்க் கதை. வருடம் முடிய எனக்குத் தெரிந்த திவெஹி பதினைந்து சொல்லுக்கு மேல் இல்லை. நாகர்கோவில் தமிழ் மட்டும் நன்றாகப் பழகிவிட்டது.

இரண்டாம் வருடம் விடுதிக் கூரை ஒழுகத் தொடங்கியதால் என்னை ஒரு வீட்டு அறைக்கு மாற்றினார்கள். ஒழுகாத கூரையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது. அந்த வீட்டு அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. காலையில் மாசிச் சம்பல் மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்தார். மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் எல்லாம் பிசைந்தது. மாஸ் ஹுனி என்பார்கள், ரொட்டி மாதிரியான ரொஷியோடு சாப்பிடுவது. நம் வீட்டுச் சம்பலில் போடும் மாசிக் கருவாடே அந்தத் தீவுகளின் சரக்குத்தான். திவெஹியில் மாஸ் என்றால் மீன். இவ்வளவு காலம் மாசியைக் கடித்துக்கொண்டே அந்த நாட்டைத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கொஞ்சம் சிங்களம் தெரிந்தவருக்குத் திவெஹி பாதித் தூரம் தானாகவே வந்து நிற்கும். இரண்டும் ஒரே குடும்பம். எகே, தே, தினே, ஹதரே, ஃபஹே என்று எண்ணுவார்கள். சிங்களத்தில் எக, தெக, துன, ஹதர, பஹ. எழுத்துத்தான் வேறு உலகம். தானா எழுத்து வலமிருந்து இடம் போகும், அதன் முதல் ஒன்பது எழுத்தும் அரபு இலக்கங்கள் ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்து பிறந்தவை. பேச்சில் மூன்று மரியாதைப் படிகள் உண்டு. கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி பெரிய இடத்தில் பேசக் கூடாது. நாம் நீ, நீர், நீங்கள் என்று பழகியவர்கள் என்பதால் இந்தக் கணக்கு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

சரி, கஷ்டமான பக்கத்துக்கு வருவோம். வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. முஸ்லிம் அல்லாதவர் பகிரங்கமாக வழிபடவும் முடியாது. கோணேசர் கோயில் மணி கேட்டு வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட, தெருவில் நானும் பூனைகளும் மட்டும் நிற்போம். நாய்கூடக் கிடையாது, அந்நாட்டில் நாய் வளர்க்க முடியாது. முஸ்லிம்களான கிண்ணியா நண்பர்கள் இருவருக்கும் அந்த ஊர் முதல் வெள்ளியிலேயே சொந்த ஊர் ஆகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. ஆனால் ஊர் முழுக்க ஒரு பக்கம் போகும்போது தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று அங்கேதான் உடம்பால் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று, அக்காவிடம் சொல்லாதது. நவம்பர் 3 அங்கே வெற்றி நாள். 1988இல் அன்றைய அதிகாலை மாலேயில் இறங்கி ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த ஆயுதக்காரர்கள், மாலைதீவுக்காரர் சிலரோடு சேர்ந்துகொண்ட புளொட் இயக்கத்தவர்கள். இலங்கைத் தமிழர்கள். இந்தியப் படை போய் அதை முறியடித்தது. பாடசாலையில் அதைப் பற்றிப் பேச்சு நடந்த பிறகு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "சேர், நீங்களும் தமிழா?" என்று கேட்டான். ஓம் என்றேன். கோபம் இல்லை அவனுக்கு. கணக்குச் சரிபார்க்கிற முகம்தான். நம்முடைய கதையில் நாம் எப்போதும் அடிபட்டவர்கள். இன்னொருவரின் பாடப்புத்தகத்தில் நமக்கு வேறு வேடம் இருக்கும் என்பதை ஆசிரியர் மேசையில் உட்கார்ந்துகொண்டு கேட்பது லேசான காரியமில்லை. மாலைதீவு எனக்குக் கொடுத்ததிலேயே கனமானது அந்தக் கேள்விதான்.

தாய்லாந்துக்கு நான் போனது நாற்பது வயதுக்குக் கிட்ட. வடகிழக்கில், ஈசான் என்கிற பகுதியில், பாங்கொக்கிலிருந்து ஓர் இரவு பஸ் தூரத்தில் ஒரு சின்ன டவுன். பாடசாலையில் தமிழர் யாருமில்லை, இலங்கையர் யாருமில்லை. பிலிப்பீன்ஸ் ஆசிரியைகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள்தான் சந்தையில் எந்தக் கடை, தபாற்கந்தோரில் எந்த ஜன்னல் என்று காட்டித் தந்தார்கள்.

போன முதல் மாதமே ஒரு விஷயம் உறைத்தது. ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஆனால் கடவுச்சீட்டைப் பார்த்துச் சம்பளம். வெள்ளைக்கார இளைஞன் ஒருவன், கற்பித்த அனுபவமே இல்லாதவன், எங்கள் மூவரையும்விட அதிகம் எடுத்தான். நல்ல பையன்தான், அவனில் பிழையில்லை. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். பட்டச் சான்றிதழோடு டோயிக் அல்லது ஐஎல்ட்ஸ் பெறுபேறும் நம்மிடம் கேட்பார்கள். ஆசிரியர் அனுமதிப்பத்திர வேலை தனி. மாலைதீவைப் போல் காசு மிஞ்சாது, இதை ஒளிக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த ஜூன் மாதத்து வியாழக்கிழமையை எந்தச் சம்பளத்துக்கும் ஈடாக வைக்க மாட்டேன். வாய் க்ரூ என்று ஒரு நாள், குருவணக்கம். க்ரூ என்பது குருவேதான். பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து வந்து ஆசிரியர் முன் தட்டு வைக்கிறார்கள். தட்டில் இருந்தவை வெட்சிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி, அறுகம்புல். அறுகம்புல்! எங்கள் வளவில் பிள்ளையாருக்குப் பிடுங்குகிற அதே புல். வெட்சி கூர்மையான புத்திக்கு, கத்தரிப்பூ தலை குனிவதால் பணிவுக்கு என்று பக்கத்து ஆசிரியை காதுக்குள் விளக்கினார். எனக்குப் பேச வரவில்லை. முன்னால் இருந்த பையன் நான் ஏதோ பிழை கண்டுவிட்டேன் என்று பயந்துபோனான்.

இப்படித் தட்டுப்படுவது நிறைய. ஏப்ரல் நடுவில் நமக்குப் புதுவருடம், அவர்களுக்கு அதே நாட்களில் சொங்க்ரான். சங்கராந்தி என்ற சொல் அங்கே அப்படித் தேய்ந்திருக்கிறது. மார்கழி, தை ஒட்டி பாங்கொக்கின் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்குக்குத் திரியம்பவாய் என்று பெயர், நம்முடைய திருவெம்பாவைதான் அது. எழுத்தும் பல்லவ எழுத்தின் வழிவந்தது. ஒலி எ, ஏ என்றாலும் குறி மெய்க்கு முன்னால் வந்து உட்காரும், நம் கொம்பு மாதிரியே. பிலிப்பீன்ஸ் ஆசிரியைகள் தலையைப் பிடித்துக்கொண்ட இடத்தில் நான் விறுவிறு என்று வாசித்தேன். ஐந்து தொனிகளில் மட்டும் எல்லோரும் சமமாக விழுந்தோம்.

டவுனுக்குப் பக்கத்து விகாரையில் ஒரு வயதான பிக்கு இருந்தார். நான் லங்கா என்றதும் "லங்காவொங்" என்றார். அவர்களின் தேரவாத வழிக்கு லங்கா வம்சம் என்று பெயராம். இலங்கையில் பெரிய நிகாயத்தின், அதாவது பிக்குகள் பிரிவின், பெயர் சியாம் நிகாய. சியாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். அங்கேயிருந்து வந்த உபாலி தேரர் 1753இல் ஒல்லாந்தர் கப்பலில் வந்து இறங்கியது வேறெங்குமில்லை, திருகோணமலையில்தான். அழைத்தவர் கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்து கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். என் ஊர்த் துறைமுகத்தின் கதையை அரைகுறைத் தாய்லாந்து மொழியில் பிக்குவுக்குச் சொன்னேன். பாதி விளங்கியிருக்கும். தேநீர் தந்தார்.

கொப்பியில் எழுத முடியாத ஒன்றும் அங்கே நடந்தது. ஆறாம் வகுப்பில் 'அங்கிள்' என்ற சொல்லைப் படிப்பித்தேன். ஒரு பிள்ளை எழும்பி, எந்த அங்கிள் என்று கேட்டாள். தாய்லாந்து மொழியில் பெற்றோருக்கு மூத்தவர் லுங். தாயின் இளையவர் நா, தந்தையின் இளையவர் ஆ. ஆங்கிலத்தில் ஒரே சொல்தானா என்று வகுப்பே நம்ப மறுத்தது. நானும் கரும்பலகையில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று தமிழில் எழுதிக் காட்டினேன். அன்றைக்கு நானும் அவர்களும் ஒரே பக்கம், ஆங்கிலம் அந்தப் பக்கம். மதியம் பிள்ளைகள் தங்கள் வீட்டு லுங், நா எல்லோரையும் பற்றிச் சொல்லித் தீர்க்கவில்லை. யாருடைய மாமா யாரோடு பேசுவதில்லை என்பதுவரை வந்தது. ஆங்கிலத்தைப் பிறந்தபோதே பேசியவருக்கு இந்த இடத்தில் ஒரு ஓட்டை இருப்பதே தெரியாது. பிறகு கற்றவர்களுக்குத்தான் அது கண்ணில் படும், அந்த ஓட்டை வழியாகத்தான் நான் அந்த ஊருக்குள் போனேன்.

ஈசானில் ஒட்டுச்சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிடுவார்கள். மற்றப் பெரும்பாலான இடங்களில் கரண்டியும் முள்ளுக்கரண்டியும். நான் கையால் சாப்பிட்டதைப் பார்த்து வீட்டுக்காரப் பாட்டி, இவன் நம்மாள் என்று முடிவு கட்டிவிட்டார். புளித்த மீன் பிளா ரா மட்டும் கடைசிவரை இறங்கவில்லை. ஊர் ஜாடி தின்றவனுக்கே இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியட்நாமைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது, வாழ்ந்ததில்லை. கூடப் படிப்பித்த ஒருவர் அங்கே போய் மூன்று வருடம் இருந்தார். அவர் சொன்னதில் என் மருமகளுக்கு உதவக்கூடியது ஒன்று: அங்கே நான், நீ என்று பொதுச் சொல்லே அன்றாடப் பேச்சில் ஓடாது. வயதைக் கேட்டு, அண்ணன், அக்கா, சித்தப்பா என்று உறவு வைத்துத்தான் பேச்சே தொடங்கும். பெண் ஆசிரியரைப் பிள்ளைகள் 'கோ' என்று கூப்பிடுவார்கள், அதன் நேர்ப்பொருள் தகப்பனின் தங்கை. ஆக, அவள் போனால் முப்பது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் மாமி. நவம்பர் 20 ஆசிரியர் தினம், பூவும் கையுமாக வருவார்கள். வேலை அனுமதிக்குப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று, மருத்துவ அறிக்கை எல்லாம் வேண்டும். வேலை பெரும்பாலும் மொழி நிலையங்களில், பின்னேரமும் சனி ஞாயிறும். ஊர் ஓய்ந்திருக்கும் நேரம் நமக்கு வேலை, நாம் ஓய்ந்திருக்கும் நேரம் ஊர் வேலையில். பழக அது வசதியில்லை என்பது என் எண்ணம். அதனால் மூன்றாவது இடம்.

எந்த நாடானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். "சுற்றுலா வீசாவில போங்க, அங்க போய் மாத்தலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிட வேண்டும். அண்மைய வருடங்களில் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள், மீட்டு வர அரசே தலையிட வேண்டியிருந்தது. தாய்லாந்துக்கு வேலைக்கான நொன்-பி வீசா, கையில் பாடசாலையின் கடிதம், பாடசாலை இருக்கும் ஊரின் பெயர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு. ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தையும் பணியகத்திலேயே சரிபார்க்கலாம். எனக்கே முதல் தடவை ஓர் ஏஜென்சி, இலவசமாகக் கிடைக்கிற படிவத்துக்குக் காசு வாங்கியது. அந்தக் காசு அப்படியே போனதுதான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள், "அப்ப தாய்லாந்து எண்டுறீங்கள்?"

எனக்கென்றால் அதுதான். காரணம் கோயிலோ அறுகம்புல்லோ இல்லை. அங்கே எனக்கு விடுதி இல்லை, தமிழ் இல்லை, பருப்புக் கறி இல்லை. பல்லு வலித்தால்கூட பக்கத்து வீட்டுக்காரரின் தயவில்தான் டாக்டரிடம் போகலாம். மாலைதீவிலும் அந்த நிலை வந்த பிறகுதான், அதாவது கூரை ஒழுகின பிறகுதான், ஏதாவது தெரிந்துகொண்டேன்.

ஆனால் அவளுக்கு என்று வரும்போது என் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. நான் ஆண். மாலைதீவில் எனக்குத் திறந்தது கடற்கரையில் ஆண்கள் கூடும் ஹொள்ளு அஷிப் பந்தல் மட்டும். மட்டக்களப்பு ஆசிரியர் என்று சொன்னேனே, அவர் மனைவியும் அடுத்த வருடம் அங்கே வேலைக்கு வந்தார். ஆறே மாதத்தில் அவருக்குத் தீவின் அத்தனை குசினியும் தெரியும். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சண்டை, நோன்புக்கு யார் என்ன சமைப்பார்கள் என்று எனக்கே அவர்தான் சொல்லுவார். பெண்ணுக்கு அந்தத் தீவு என்னிடம் காட்டாத பக்கத்தைக் காட்டும். அதோடு அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது.

அதனால் இப்படிச் சொன்னேன். தாய்லாந்துப் பாடசாலைகளில் வருடம் மே நடுவில் தொடங்கும், ஆட்களை அதற்கு முந்தின மாதங்களில் தேடுவார்கள். டோயிக் எழுதிவிட்டு அதுவரை பார். சின்ன ஊரிலிருந்து ஒழுங்கான கடிதம் வந்தால் போ. பாங்கொக்கிலிருந்து மட்டும் வந்தால் வேண்டாம். வராவிட்டால் மாலைதீவு, ஆனால் மாலே நகரம் இல்லை, தூரத் தீவு. ஆசிரியர் விடுதி வேண்டாம், ஒரு குடும்பத்தின் வீட்டில் அறை வேண்டும் என்று முதலிலேயே கேள். வாடகை கொஞ்சம் கூடினாலும் கொடு.

இடைப்பட்ட மாதங்களுக்கு இன்னொன்றும் சொன்னேன். கந்தளாயிலோ கோமரங்கடவலவிலோ சனிக்கிழமை ஆங்கில வகுப்பு ஒன்று எடு, பஸ் தூரம்தான். இருபத்தைந்து வயது, இந்த மாவட்டத்திலேயே பிறந்தவள், ஒரு சிங்களக் கிராமத்து வீட்டுக்குள் இன்னும் கால் வைக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. சிரித்தாள். மறுக்கவும் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை.

அக்காவோ இப்போதே முடிவு செய்துவிட்டாள். மாலைதீவுதான், கிட்ட இருக்கிறது, பெட்டியில் என்னென்ன போடுவது என்று கணக்குப் போடுகிறாள். பட்டியலில் அரைக் கிலோ மாசியும் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு மருமகள் மறுபடி வந்தாள். கொப்பியின் முன்பக்கத்திலிருந்து தாய்லாந்து எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டு வருகிறாள். பின்னட்டையைத் திறந்து, வலமிருந்து இடமாகத் தானா எழுத்துகள். நடுவில் இன்னும் இருபது தாள் வெறுமையாகக் கிடக்கிறது.